மாட்டாஸ்பத்திரிக்கு வந்த லெமூர்

சென்ற மாதம் விழுப்புரத்தில் எங்கள் கால்நடைத் துறைக்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவள் என்றாலும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் படித்த காலத்தில் பாடம் என்றால் மாடு, எருமை, ஆடு, கோழி, பன்றி, மிஞ்சிப்போனால் முயல். அன்று திரையில் காட்டியதோ பச்சை நிறத்தில் முதுகில் முள்வைத்த ஓணான், ஐந்து நிறக் கிளி, உள்ளங்கையில் அடங்கும் பறக்கும் அணில். இவற்றையெல்லாம் இப்போது வீட்டில் வளர்க்கிறார்களாம், நோய் வந்தால் கூடையில் போட்டு நம் மருந்தகத்துக்கே எடுத்து வருகிறார்களாம்.

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு இளம் பெண் ஆய்வாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், திண்டிவனத்துல மடகாஸ்கர் மிருகத்துக்குப் பிரசவம் பாத்தது நீங்கதானே?"

"நான் எங்கம்மா பாத்தேன்? அதுவே பாத்துக்கிச்சு. நான் கம்பு புடிச்சிக்கினு நின்னேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எழுதிக் குடுங்க மேடம். எங்ககிட்ட வந்தா இன்னா பண்றதுன்னே தெரியல" என்றார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சகாய மேரி. ஓமந்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி, நாற்று நட்டு எங்களை வளர்த்தார்கள். எங்களுக்கென்று ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் கால்நடை ஆய்வாளர் ஆனேன். பதினோரு மாதப் பயிற்சி. ஊசி போட, காயம் கட்ட, கிடாவுக்குக் காயடிக்க, பசுவுக்குச் சினை ஊசி போட, கோழிக்குக் கண்ணில் சொட்டு விடக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரம் சாணி நாற்றத்தில் சாப்பிட முடியவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

முதல் வேலை வல்லம் பக்கத்தில் ஒரு கிளை நிலையம். சேர்ந்து இரண்டாம் மாதம், ஒரு பெரிய விவசாயி வீட்டுப் பசு காலையிலிருந்து கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்தது. சைக்கிளில் போனேன். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்பள யாரும் இல்லியா?"

"மாடு பொம்பளதானேங்க" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. என் கை மெல்லியது, அதுவே உதவியது. கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்து, காலை நீட்டி வெளியே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. கிடேரிக் கன்று, உயிரோடு. கை கழுவத் தண்ணீர் கேட்டேன். அந்தத் தெருவில் எங்களைப் போன்றவர்களுக்கு மேலேயிருந்து ஊற்றுவார்கள், நாங்கள் குனிந்து கையேந்த வேண்டும். அவர் சொம்பை என் கையிலேயே கொடுத்தார். நான் கழுவி முடித்துத் திருப்பிக் கொடுத்தபோதும் கையிலேயே வாங்கிக்கொண்டார். அன்று சைக்கிளை மிதித்துத் திரும்பியது நினைவில்லை, பறந்து வந்ததுபோல்தான் இருக்கிறது.

அதன்பிறகு பல கிளை நிலையங்கள். கடைசிப் பத்து வருடம் திண்டிவனத்தில். அங்கேதான் டாக்டர் அன்வர் எனக்கு மேலதிகாரியாக வந்தார்.

மனிதர்களிடம் அளந்து பேசுவார். மாடுகளிடம் தாராளமாகப் பேசுவார். கட்டுத்தறிக்கு வரும் எந்தப் பசுவையும் "வாங்கம்மா, இன்னா உடம்புக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்பார். காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வண்டியை நிறுத்துவார், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விலங்குக்கு முன் நிற்பார். பத்து நிமிடம் தொட மாட்டார், யாரையும் தொட விட மாட்டார். மாட்டுக்காரர் தவிப்பார், அழுவார், சிலர் திட்டவும் செய்வார்கள். அவர் அசைய மாட்டார். பத்து நிமிடம் ஆனதும் என் பக்கம் திரும்புவார்.

"மேரிம்மா, பாத்ததச் சொல்லுங்க."

முதல் தடவை ஒரு எருமையைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் சார்" என்றேன்.

"காய்ச்சல நீங்க பாத்தீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் காத்திருந்தார். நான் மறுபடி எருமையைப் பார்த்தேன். "காது தொங்கிக் கெடக்கு. மூக்கு காஞ்சிருக்கு. அசை போடல. இடது பின்னங்கால மாத்தி மாத்தி ஊனுது" என்றேன்.

"இதுதான் நீங்க பாத்தது. காய்ச்சல்ங்கிறது நீங்க கட்டின கதை. கதைய அப்புறம் கட்டலாம். முதல்ல இத எழுதுங்க, நேரத்தோட எழுதுங்க."

அந்த எருமைக்குக் காய்ச்சல் இல்லை. குளம்பில் ஆணி ஏறிச் சீழ் பிடித்திருந்தது. அன்றிலிருந்து நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். நேரம், கண்ணில் பட்டது, அவ்வளவுதான். "போலிருக்கிறது" என்ற வார்த்தை அதில் வந்தால் சார் சிவப்பு மையால் அடிப்பார். நன்றாக எழுதினால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் வேலையில் இருந்தவரை பாராட்டு என்பது அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

இப்போது அந்த மடகாஸ்கர் மிருகம் வந்த ஐப்பசிக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். ஆட்டுக்குத் தடுப்பூசி போடப் பக்கத்துக் கிராமத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வனத்துறை ஜீப் உள்ளே வந்தது. வனச்சரகர் தனசேகர் குதித்து இறங்கினார்.

"சார், ஜல்தியா வாங்க. ரோட்டுல செக்கிங்ல ஒரு கார் மாட்டிச்சு. டிக்கியில இத வெச்சி எடுத்துக்கினு போறானுங்க. ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு செத்துப் பூடுச்சு."

இரண்டு பழக்கூடைகளை முகத்தோடு முகம் கவிழ்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உள்ளே ஏதோ கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. கரடிக் குட்டி என்றார் எங்கள் காவலாளி. நாய் என்றார் ஜீப் ஓட்டுநர். கூடையைத் தூக்கி நிழலில் வைத்ததும் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"சார், பேஜாரா இருக்குது சார். செத்துடப் போவுது" என்றார் தனசேகர்.

"அதனாலதான் பாக்கறேன்" என்றார் சார். ஆனால் அன்று பத்து நிமிடம் நிற்கவில்லை, இரண்டு நிமிடத்தில் திரும்பினார். "சொல்லுங்க மேரிம்மா."

"வாயத் தொறந்து மூச்சு விடுது. கண்ணு தொறந்திருக்கு, மஞ்சளா இருக்கு, ஆனா எதையும் தொடர்ந்து பாக்கல. நாய் மாதிரி நீட்டு மூஞ்சி, ஈர மூக்கு. காதச் சுத்தி, கழுத்தச் சுத்தி வெள்ள மயிரு, பஞ்சு வெச்சுக் கட்டுன மாதிரி. கை மனுஷக் கை. நகமெல்லாம் தட்டை. கால்ல மட்டும் ஒரு வெரல்ல கூர்நகம். வாலு உடம்ப விட நீளம். வயிறு பெருத்திருக்கு."

உடம்பு கொதித்தது. துவாலையால் மூடிப் பிடித்து, தோள் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினோம். ஆட்டுக்குட்டிக்குப் போடும் ஊசிதான். கூடைக்கு அடியில் ஈரச் சாக்கு, பக்கத்தில் மின்விசிறி. வயிற்றைத் தடவிப் பார்த்த சார், "சினையா இருக்கலாம், உப்புசமாவும் இருக்கலாம். தெரியல" என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து அந்த "தெரியல" வந்ததே எனக்குத் தெம்பாக இருந்தது.

தனசேகர் படம் எடுத்து அனுப்ப, அரை மணி நேரத்தில் சென்னைப் பக்கத்து உயிரியல் பூங்காவிலிருந்து போன் வந்தது. வித்யா என்று ஒரு உயிரியலாளர்.

"சார், இது குரங்கு இல்ல, லெமூர். கழுத்துல வெள்ளைப் பிடரி இருக்கிற வகை. மடகாஸ்கர் தீவுல கிழக்கோரமா இருக்கிற மழைக்காட்டுல மட்டும்தான் இருக்கு. அங்கேயே அழிஞ்சுக்கிட்டு வருது. உயரமான மரத்தோட உச்சியில வாழும், பழம்தான் சாப்பாடு. தரைக்கு இறங்கவே இறங்காது. இதை ஒருத்தன் கார் டிக்கியில வெச்சிருந்தானா?"

இரண்டு மணி நேரத்தில் வண்டி அனுப்புகிறேன் என்றார். ஆனால் மதியம் பிடித்த மழை விடவில்லை. நெடுஞ்சாலையில் தண்ணீர் ஏறி வண்டிகள் நின்றுவிட்டன. சாலை சரியாகும்வரை எங்களிடம்தான் என்று முடிவானது.

மருத்துவமனைக்குப் பின்னால் தீவன அறை ஒன்று உண்டு. மூட்டைகளை வெளியே போட்டு, கழுவி, அதில் விட்டோம். தாழ்வாரத்துப் பக்கம் நெஞ்சுயரத்தில் ஒரு கம்பி ஜன்னல். அதன் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார் சார். "நீங்க வேற எந்த வேலையும் பாக்க வேணாம். இத மட்டும் பாருங்க."

முதல் நாள் முழுக்க அது மூலையில் வாலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. வாழைப்பழம், பப்பாளி, கொய்யா எல்லாம் வைத்தோம். மூக்கைக்கூடத் திருப்பவில்லை. மறுநாள் காலை மூச்சு சீரானது, ஆனால் தீனி எடுக்கவில்லை. சார் போனில் அதைச் சொன்னதும் வித்யா கேட்டார்:

"உங்க ஊர்ல விசிறி வாழை இருக்குமா சார்?"

சார் என்னைப் பார்த்தார். தோட்டங்களில் அழகுக்கு வைப்பார்களே, மயில் தோகை விரித்தாற்போல் இலை ஒரே வரிசையில் விரிந்து நிற்கும், அதுதான் விசிறி வாழை. பயணியர் மாளிகை வாசலில் இரண்டு நிற்பதை நான் தினம் பார்த்துக்கொண்டு போவேன்.

"அது மடகாஸ்கர் மரம் சார். அங்க அந்தப் பூவோட தேனைக் குடிக்கறது இந்த லெமூர்தான். மடல் ரொம்பக் கெட்டி, பூச்சியால திறக்க முடியாது. இது கையால திறந்து மூஞ்சிய உள்ள விட்டுக் குடிக்கும். மூஞ்சியில ஒட்டின மகரந்தத்த அடுத்த மரத்துக்குக் கொண்டுபோவும். அந்த மரம் இதை நம்பியிருக்கு, இது அந்த மரத்தை நம்பியிருக்கு. பூ கிடைச்சா குடுத்துப் பாருங்க."

தனசேகர் கொட்டும் மழையில் ஏணி போட்டு ஏறி, இலைக் காம்புகளுக்கு இடையிலிருந்த ஒரு பூங்குலையை வெட்டி வந்தார். படகு படகாக அடுக்கிய பச்சை மடல்கள். எனக்கு அது பூவாகவே தெரியவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளே வைத்துவிட்டு ஸ்டூலுக்கு வந்தேன்.

வாலுக்குள்ளிருந்து முகம் வெளியே வந்தது. மூக்கு அசைந்தது. பிறகு எழுந்து, பின்னங்காலில் தத்தி வந்து, குலையை இரண்டு கையாலும் பிடித்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. முதிர்ந்த மடலாகப் பார்த்து, விளிம்பில் விரலைக் கொடுத்து, நாம் பலாச்சுளையைப் பிரிப்பதுபோல் பிரித்தது. முகத்தைக் கண்வரை உள்ளே நுழைத்து நக்கியது. வெளியே எடுத்தபோது கறுப்பு மூக்கில் மகரந்தம் அப்பியிருந்தது. அடுத்த மடல். அதற்கடுத்தது. இளம் மடல் ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டது. ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதினேன். அதன்பிறகு பப்பாளியும் தின்றது.

அன்று மதியம் இன்னொன்று பார்த்தேன். அது தன் தொடை மயிரை வாயால் பிடுங்கிப் பிடுங்கித் தரையில் போட்டது. தனசேகர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சொறியா மேடம்? இன்னாத்துக்கு இப்பிடிப் பிச்சிக்குது?" என்றார்.

எனக்குச் சட்டென்று முயல் ஞாபகம் வந்தது. எங்கள் துறையில் வீட்டில் வளர்க்க முயல் கொடுத்த காலத்தில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். சாரிடம் ஓடினேன்.

"சார், தொடையில மயிரு புடுங்குது. புடுங்கின எடத்துல புண்ணு இல்ல, செவப்பு இல்ல. புடுங்கினத மூலையில சேத்து வெக்குது. முயலு குட்டி போடறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் சார் பண்ணும்."

இதில் பாதி நான் கட்டிய கதைதான். சார் அதைத் திருத்தவில்லை. உடனே போன் போட்டார். மறுமுனையில் வித்யா கடகடவென்று சொன்னார். பிடரி லெமூர் கூடு கட்டும். மற்ற பெரிய லெமூர்களின் குட்டிகள் பிறந்ததும் தாயின் மயிரைப் பற்றிக்கொள்ளும், இதன் குட்டிகளுக்கு அது முடியாது. அதனால் தாய் மரத்தில் உயரத்தில் கூடு கட்டி, சொந்த மயிரைப் பரப்பி, அதில் குட்டிகளை விடும். இடம் மாற்ற வேண்டுமென்றால் பூனை மாதிரி வாயில் கவ்விக்கொண்டு போகும். தரையில் கூடு இருந்தால் பயந்து குட்டியைக் கைவிட்டாலும் விட்டுவிடும்.

மருந்து வந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்தோம். நான் ஏணியில் ஏறி, கூரைக்குக் கீழே மூலையில் இருந்த இரும்புக் கொக்கிகளில் அதைக் கட்டினேன். உள்ளே வைக்கோல், மாவிலைக் கொத்து. தரையிலிருந்து பெட்டிவரை ஒரு மாங்கிளையைச் சாய்த்துக் கயிற்றால் கட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து அது கிளையில் ஏறிப் பெட்டியை முகர்ந்து பார்த்தது. இறங்கி, பிடுங்கி வைத்த மயிரை வாயில் அள்ளிக்கொண்டு மறுபடி ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நோட்டில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் குட்டி பிறந்தது. பெட்டிக்குள்ளிருந்து முதலில் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம். சற்று நேரத்தில் தாய் எழுந்து திரும்பியபோது இரண்டாவது குட்டி பெட்டி விளிம்பில் பாதி வெளியே பிறந்து, வழுக்கித் தரையில் விழுந்தது. கீழே வைக்கோல் பரப்பியிருந்தோம், ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாய் பதறிக் கிளைக்குத் தாவியது. கயிறு நழுவிக் கிளை சாய்ந்து விழுந்தது. தாய் எப்படியோ தரைக்கு வந்துவிட்டது.

"மேரிம்மா?" என்றார் சார், எனக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"மூச்சு இருக்கு சார். கை அசையுது. தாய் நக்குது."

"உள்ள போலாமா?"

அவர் என்னைக் கேட்டார். என் வேலைக்காலத்தில் மேலதிகாரி ஒருவர் என் முடிவைக் கேட்ட ஒரே தடவை அது என்றுகூடச் சொல்வேன். கதவு இரும்புக் கதவு, கிறீச்சிடும். நான் உள்ளே போனால் தாய் மிரண்டு குட்டியை விட்டு ஓடும், மேலே இருப்பதும் போகும், கீழே இருப்பதும் போகும். "வேணாம் சார்" என்றேன்.

தாய் குட்டியை வாயில் கவ்வியது. பெட்டியைப் பார்த்துத் தாவியது. பாதிச் சுவர்கூட எட்டவில்லை. மறுபடி தாவியது, வழுக்கி உட்கார்ந்தது. இரண்டு நாள் முன்பு சாகக் கிடந்த உடம்பு, அப்போதுதான் பிள்ளை பெற்ற உடம்பு. மேலே இருந்த குட்டி கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை தாய் தாவவில்லை. குட்டியை வாயில் வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

தாழ்வாரத்து மூலையில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. நல்ல நீள மூங்கில். நான் நோட்டைச் சார் கையில் கொடுத்துவிட்டு அதை எடுத்தேன். துடைப்பக் கட்டைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பிகளுக்கு இடையே மெல்ல, அங்குலம் அங்குலமாக உள்ளே செலுத்தினேன். நுனி பெட்டி விளிம்பில் போய் உட்கார்ந்தது. அடியை ஜன்னல் கட்டைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அது என்னைப் பார்த்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். எவ்வளவு நேரமோ. பிறகு ஜன்னல் கட்டைமேல் ஏதோ வந்து உட்கார்ந்தது தெரிந்தது. என் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்காது. அதன் மூச்சு என் புறங்கையில் சுட்டது. வாயில் தொங்கிய குட்டியின் ஈர வால் என் கட்டைவிரலில் உரசியது. கம்பில் கை வைத்தது, காலை வைத்தது, ஏறியது. நாலு கிலோ இருக்குமோ என்னவோ. ஆனால் மூங்கில் வளைந்து, முழு பாரமும் என் மணிக்கட்டுக்கு வந்தது. தோள் நடுங்கியது. கம்பு நடுங்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் போனது. கீச்சுச் சத்தம் இரண்டானது. பிறகு இரண்டும் அடங்கிவிட்டன. பால் கிடைத்திருக்க வேண்டும்.

"கையெடுத்துடுங்க" என்று தனசேகர் கிசுகிசுத்தார்.

"கம்பு விழுந்தா சத்தம் வரும்" என்றேன். அவர் கயிறு தேடிக் கொண்டுவந்து கம்பை ஜன்னலோடு கட்டும்வரை அப்படியே நின்றேன். திரும்பிப் பார்த்தால், சார் என் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் கம்பைப் பிடித்திருந்த நேரமெல்லாம் நடந்ததை நிமிடம் நிமிடமாக அவர் எழுதியிருந்தார். என் பெயரையும் எழுதியிருந்தார்: "க.ஆ. சகாய மேரி கம்பைப் பிடித்துள்ளார். தாய் ஏறுகிறது."

ஐந்தாம் நாள் மழை விட்டு, பூங்கா வண்டி வந்தது. வித்யா அவ்வளவு சின்னப் பெண் என்று நான் நினைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பெட்டியோடு, தாயோடு, குட்டிகளோடு அப்படியே ஏற்றிப் போனார்கள்.

கதை அங்கே முடியவில்லை. காரில் பிடிபட்டவர் பண்ணை வீடும் வசதியும் உள்ள ஆள். அது தன் வளர்ப்புப் பிராணி என்றும், பூமியின் வடபாதியில் உள்ள ஒரு நாட்டில் கூண்டில் பிறந்ததை முறைப்படி வாங்கி மூன்று வருடமாக வளர்ப்பதாகவும் காகிதம் காட்டி, திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார். குட்டிகளையும் சேர்த்துக் கேட்டார். விழுப்புரம் கோர்ட்டில் வழக்கு.

வித்யா சாட்சியில் சொன்னது எனக்கே புதிது. இந்த விலங்கு வருடத்தில் ஒரே ஒரு பருவத்தில்தான் சேரும், பகலின் நீளத்தை வைத்துத்தான் அந்தப் பருவம் வரும். பூமியின் வடபாதியில் வளர்வது கோடைக்கு முன்னால் குட்டி போடும். தென்பாதியில் இருக்கும் மடகாஸ்கர்க் காட்டில் நம் புரட்டாசி ஐப்பசியில் போடும். சினைக்காலம் மூன்று மாதமும் கொஞ்ச நாளும். ஐப்பசியில் நிறைமாதக் குட்டி போட்டதென்றால், அது சினையானது அந்தக் காட்டில். சினையோடு பிடித்துக் கடத்தியிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல், பிறந்த நாளும் நிறைமாதமும் உண்மைதானா என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க டாக்டரும் இல்ல. மாட்டுக்கு ஊசி போடறவங்க. இது இன்னா மிருகம்னே அன்னிக்கு உங்களுக்குத் தெரியாது. சரிதானே?"

"சரிதாங்க. தெரியாதுங்க."

"அப்ப நீங்க எழுதினத எப்பிடி நம்பறது?"

"தெரியாததாலதாங்க, கண்ணுல பட்டத மட்டும் எழுதினேன். தெரிஞ்சிருந்தா நானும் எதனா சேத்து எழுதியிருப்பேன்."

நீதிபதி நோட்டை வாங்கினார். பூவைப் பிரித்த பக்கம், மயிர் பிடுங்கிய பக்கம், சாரின் கையெழுத்தில் இருந்த பக்கம் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். கூண்டில் பிறந்த விலங்குக்கு அந்தப் பூவைத் திறக்க யார் சொல்லிக்கொடுத்தது என்று வக்கீலைப் பார்த்துக் கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டினார். தாயும் குட்டிகளும் பூங்காவிலேயே இருக்க வேண்டும் என்று சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. காகிதங்கள் போலி என்று தனி வழக்கும் ஆனது.

அப்போது ஓய்வு பெற்றிருந்த டாக்டர் அன்வர், உத்தரவின் நகலை என் கையிலிருந்து வாங்கிக் கடைசி வரிவரை படித்தார். "நோட்டு நல்லா இருந்துச்சு மேரிம்மா" என்றார். முப்பத்து மூன்று வருட வேலையில் எனக்குக் கிடைத்த பதக்கம் அதுதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வித்யா கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் அந்தோணியும் நானும் பஸ் ஏறிப் போனோம். பொதுமக்கள் போகாத பக்கம் உயரமான கூண்டு, உள்ளே நிஜ மரங்கள். தாய் மேலே கிளையில் கைகால்களை விரித்து, வயிற்றை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்ததாக நான் சொல்ல மாட்டேன், பார்த்தது, அவ்வளவுதான். குட்டிகள் இரண்டும் தாயளவு வளர்ந்து, பின்னங்காலால் தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்றன. இரண்டும் பெண்.

"திரும்ப அந்தக் காட்டுக்கு அனுப்ப முடியாதாம்மா?" என்று வித்யாவைக் கேட்டேன்.

"இப்போதைக்கு முடியாதும்மா. அங்க காட்டையே வெட்டிக்கிட்டிருக்காங்க. எங்கெங்க கூண்டுல எத்தன இருக்குன்னு கணக்கு வெச்சிருக்கோம். என்னிக்காவது காடு திரும்பினா, இதோட பேரப் பிள்ளைங்க போகலாம்."

அதைக் கேட்டு மனம் கனத்தது. அப்போது திடீரென்று தாய் தலையை உயர்த்தி உறுமியது. குட்டிகளும் சேர்ந்துகொண்டன. காட்டையே அதட்டுவது போல ஒரு ஓசை. எங்கள் தீவன அறையில் ஐந்து நாள் ஒரு சத்தமும் போடாமல் இருந்த பிராணிக்கு இப்படி ஒரு குரலா என்று நான் அண்ணாந்து பார்த்தேன். அந்தோணி பயந்து நாலடி பின்வாங்கி, கூண்டின் பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டார். அங்கே ஒரு பலகை மாட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தவர், என்னைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏ மேரி, இங்க வந்து பாரு. நம்ம ஊர்க்காருங்க!"

இனம், வயது, உணவு என்று வரிசையாக எழுதியிருந்தது. தாயின் பெயருக்கு எதிரே மடகாஸ்கர். அதற்குக் கீழே குட்டிகள் இரண்டுக்கும், பிறந்த இடம்: கால்நடை மருத்துவமனை, திண்டிவனம்.